பார் வெட்டிய சைக்கிள்

எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுத் தருவதற்கு முன்னால், சைக்கிளிலிருந்து இறங்கத்தான் அப்பா கற்றுத் தந்தார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். அன்று ஸ்டோர் ஓடவில்லை. முற்றத்தில் தேயிலைத் தூசியும் எஞ்சின் எண்ணெயும் கலந்த வாசம் மட்டும் தங்கியிருந்தது. அப்பா பின்னால் நின்று சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் என் சைக்கிளின் மேல் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்திருந்தன. சீட்டு அவ்வளவு கீழே.

"ஏறிட்டியா புள்ள?"

"ஏறிட்டேன்ப்பா."

"சரி, எறங்கு."

இறங்கினேன். அப்பாவுக்குத் திருப்தி இல்லை.

"இப்பிடி ஆடி அசஞ்சு எறங்கப்படாது. டக்குனு எறங்கணும். திரும்ப ஏறு."

அன்று மத்தியானம் வரை ஏறினேன், இறங்கினேன், ஏறினேன், இறங்கினேன். சக்கரம் ஒரு முழம்கூட உருளவில்லை. அம்மா ரொட்டியும் கட்டச் சம்பலும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"காலையிலேருந்து என்னாத்தத்தான் படிச்சுக் குடுக்குறீங்க?"

"எறங்கப் படிச்சுக்கிட்டிருக்கு" என்றார் அப்பா. சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

எதற்குச் சைக்கிள்?

போன வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். படிக்காதவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்: எங்கள் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்கு மேல் கொழுந்துக் கூடைதான். எனக்கு எப்படியோ பதுளையில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. எங்கள் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, அப்படிப் போன முதல் பெண் நான்தான்.

இடம் கொடுத்த அன்றே அந்தத் தலைமையாசிரியை அப்பாவிடம் சொல்லிவிட்டார். "தோட்டத்துப் பிள்ளைகள் ரெண்டு வாரம் வரும், மூணாவது வாரம் மழை என்று நின்றுவிடும். ஒழுங்காக வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவேன்." அப்பா தலையில் கட்டியிருந்த லேஞ்சை, அதாவது துண்டை, கையில் வைத்துக்கொண்டு "ஆமாங்க, ஆமாங்க" என்றார். யார் பேசினாலும் அவருக்கு அந்த ஒரு பதில்தான்.

எங்கள் தோட்டம் தெமோதரைக்கு மேலே மலையில் இருந்தது. லயத்திலிருந்து பஸ் வரும் சந்திக்குத் தோட்டத்து ரோடு வளைந்து வளைந்து இறங்கும். நடந்தால் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். அட்டை கடிக்கும், சிறுத்தை பயம் வேறு. காலை பஸ்ஸை விட்டால் அடுத்தது பள்ளிக்கூடத்தில் பாதி நாள் போன பிறகுதான் வரும். அந்த பஸ்ஸும் அந்தக் காலத்தில் வந்தால்தான் உண்டு.

அதனால்தான் அப்பா சைக்கிள் என்றார். இறக்கத்தில் உருட்டிவிட்டால் சந்தி வரை போய்விடலாம். சாயந்திரம் மேட்டில் தள்ளிக்கொண்டு வரவேண்டியதுதான். காலையில் சைக்கிள் என்னைச் சுமக்கும், சாயந்திரம் நான் அதைச் சுமப்பேன். மலைநாட்டில் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

சக்கரம் இல்லாத சைக்கிளுக்கும் மரியாதை

அது சாமான் தட்டுப்பாட்டுக் காலம். பாண் ரொட்டிக்கு வரிசை, மாவுக்கு வரிசை. லயத்தில் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்று பிள்ளைகள் வயிறு ஊதிப்போய்க் கிடந்த நாட்கள். அந்த நேரத்தில் புதுச் சைக்கிளுக்கு எங்கே போவது? பதுளைக் கடைவீதியில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவிடம்தான் அப்பா போனார். நானும் கூடப் போனேன்.

கடையின் பின்பக்கம் கழிவு இரும்புக்கு நடுவில் ஒரு சைக்கிளின் உடம்பு கிடந்தது. சக்கரம் இல்லை, சீட்டு இல்லை, செயின் இல்லை. பச்சைப் பெயின்ட் உரிந்து துருவேறியிருந்தது. ஆண்கள் ஓட்டும் சைக்கிள். சீட்டிலிருந்து ஹேண்டில் வரைக்கும் குறுக்கே பார் ஒன்று கனமாக ஓடியது.

"இது ஓடுமா நானா?" என்றார் அப்பா.

"உடம்பு தங்கமான உடம்பு. ஓட வைக்கிறது ஒங்கட கையில ஈக்கி" என்றார் நானா. பிறகு என்னைப் பார்த்து, "மகளுக்கா? படிக்கவா? எடுத்துட்டுப் போங்க" என்றார். வேறொரு மூலையிலிருந்து கோணலான இரண்டு ரிம்மையும் தேடி எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர். இந்தக் கதையில் நல்லவர்கள் குறைவு என்பதால் அவரைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த இரும்பைத் தெமோதரை வரைக்கும் ரயிலில் கொண்டுவந்தோம். ஸ்டேஷனிலிருந்து அப்பா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடேறினார். மூச்சு வாங்க வாங்க, "சீட்டுக்கு மான்தோல் இல்லாட்டியும் மாட்டுத்தோலு இருக்கு, ஸ்டோர்ல பழைய பெல்ட் கெடக்கு" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதற்குப் பின்னும் பார்க்கவில்லை.

பங்களா முடக்கு வந்தது. முடக்கு என்றால் ரோட்டு வளைவு. அந்த வளைவில்தான் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா கேட். கேட் கண்ணில் பட்டதும் அப்பாவின் பேச்சு நின்றது. தோளிலிருந்து அந்த இரும்பை இறக்கினார். தலைத்துண்டை அவிழ்த்தார். சைக்கிளைக் கையில் தூக்கிக்கொண்டு, உடம்பை ஒரு பக்கமாக வளைத்து, தண்ணீர் ஓடும் கான் ஓரமாகவே நடந்தார். பூவேலி முடிந்து மதகு வந்த பிறகுதான் மறுபடி தோளில் ஏற்றினார்.

கேட்டில் ஒரு மனிதரும் இல்லை. நாய்கூட இல்லை. அதுவோ சக்கரமே இல்லாத சைக்கிள்.

"ஏம்ப்பா எறக்குனீங்க?" என்று கேட்டேன்.

"சைக்கிளு சைக்கிளுதானே" என்றார்.

சூடுபட்ட பூனை

இளைஞர்கள் இதை நம்பமாட்டார்கள். தோட்டத்தில் இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது, யாரும் போர்டு எழுதி மாட்டவும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். துரை வந்தாலோ பங்களா கேட்டைத் தாண்டினாலோ, லயத்து ஆள் சைக்கிளில் உட்கார்ந்திருக்கக் கூடாது. இறங்கி, தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். விரித்த குடையை மடக்க வேண்டும். காலில் செருப்பு இருந்தால், முதலில் செருப்பு எப்படி வந்தது என்பதற்கே பதில் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு இதில் பழைய சூடு ஒன்று உண்டு. கலியாணத்துக்கு முன்பு, பங்களாவுக்குத் தபால் எடுத்துவரும் ஆளிடம் கெஞ்சி ஒருநாள் சைக்கிள் வாங்கி ஓட்டியிருக்கிறார். இறக்கத்தில் வந்த வேகம், பிரேக் பிடிக்கவில்லை. துரை ரோஜாச் செடிகளுக்குப் பக்கத்தில் நின்றிருக்க, இவர் உட்கார்ந்தபடியே கடந்து போய்விட்டார். மறுநாள் காலை பெரட்டில், அதாவது ஆளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், அப்பாவின் பெயரைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வேலை நிப்பாட்டு. எத்தனை நாள் என்று கேட்டால் அப்பா சொல்லமாட்டார். "வவுத்துக்குத் தெரியும்" என்பார்.

சூடுபட்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். இந்தப் பூனை என்ன செய்தது தெரியுமா? தன் குட்டிக்கும் அடுப்பைக் கண்டால் ஒடுங்கப் பழக்கியது.

பார் போன கதை

அப்பாவுக்கு ஸ்டோரில் எஞ்சின் அறை வேலை. தோட்டத்தில் அது மரியாதையான வேலை. மழையில் நனையத் தேவையில்லை, அட்டை கடிக்காது. எஞ்சினுக்கு எண்ணெய் விடுவார், பெல்ட் தைப்பார், உடைந்ததை ஒட்டுவார். அந்தக் கையால்தான் என் சைக்கிளைச் செய்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் செய்தார். கோணல் ரிம்களைக் கயிறு கட்டி, ஒவ்வொரு கம்பியாக முறுக்கி நேராக்கினார். டயர் பிய்ந்த இடத்தில் உள்ளே பழைய பெல்ட்டின் கித்தான் துணியை வைத்துத் தைத்தார். பிரேக் கட்டைக்குப் பெல்ட் ரப்பர். மட்கார்டைப் பிடிக்கும் கம்பிக்குப் பதிலாகத் தேயிலைப் பெட்டிக்கு அடிக்கும் தகரப் பட்டி. கைப்பிடி கொய்யா மரத்தில் கடைந்தது. துருவைச் சுரண்டி எடுக்கும் வேலை என்னுடையது. சுரண்டச் சுரண்ட அந்தப் பச்சை தெரியும். விரல் முழுக்கத் துரு வாசம். அந்தக் கையோடேயே படுத்துத் தூங்குவேன்.

ஒரு சின்ன மணியும் எங்கிருந்தோ வாங்கிவந்து மாட்டினார். ஆசையாக அழுத்தினேன். சத்தம் வரவில்லை. உள்ளே இருந்த நாக்கைக் கழற்றிவிட்டிருந்தார்.

"பங்களா கேட்டுகிட்ட கைதவறி அடிச்சிட்டன்னா?" என்றார்.

கடைசியில் பார். அப்பா அதன் முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தார். பள்ளிக்கூடக் கவுனை எடுத்துவரச் சொன்னார். கவுனைப் போட்டுக்கொண்டு ஏறச் சொன்னார், இறங்கச் சொன்னார். பார் இருக்கும் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டுமானால் காலைப் பின்பக்கமாகத் தூக்கிச் சீட்டுக்கு மேலாகக் கொண்டுவர வேண்டும். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தொரைக்கு முன்னால ஒரு பொம்பளப் புள்ள இப்பிடிக் காலத் தூக்கி எறங்குனா மரியாதையா இருக்குமா? நேரமும் புடிக்குது."

இரும்பு அறுக்கும் வாளை எடுத்தார்.

அம்மாவுக்கே பொறுக்கவில்லை. "அந்தக் கம்பியை எடுத்தா தாங்குமா? நல்ல சைக்கிள என்னாத்துக்கு வெட்டுறீங்க?"

"தாங்காதுதான். இதுதான் அதுக்கு முதுகு" என்று அப்பா ஒத்துக்கொண்டார். "கீழ ஒரு பட்டையைக் குடுத்து ஆணி முடுக்கிடுறேன். சின்னப் புள்ள கனந்தானே."

அறுத்தார். பாருக்குப் பதிலாகக் கீழே தணிவாக ஓர் இரும்புப் பட்டையை வைத்து, இரண்டு பக்கமும் தகடு கொடுத்து ஆணி முடுக்கினார். ஸ்டோரில் இரும்பை உருக்கி ஒட்ட வழியில்லை. பிறகு சீட்டையும் ஆனமட்டும் கீழே இறக்கினார். பெடல் மிதித்தால் முட்டி நாடியில் இடிக்கும். ஓட்டுவதற்கு அதைப் போல ஒரு கஷ்டமான சைக்கிளை ஊவா மாகாணத்திலேயே தேடினாலும் கிடைக்காது. இறங்குவதற்கு அதைப் போல ஒரு சுகமான சைக்கிளும் கிடைக்காது.

தெரியாமல் செய்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். எஞ்சினின் ஒவ்வோர் ஆணியும் எதைத் தாங்குகிறது என்று அறிந்த மனிதர், தெரிந்தே வெட்டினார். ரோட்டில் உடைந்து விழும் பயத்தைவிட, துரைக்கு முன்னால் இறங்கத் தாமதமாகும் பயம் அவருக்குப் பெரிதாக இருந்தது.

துரை மாறினார்

அந்தச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனேன். மழையிலும் போனேன், பனியிலும் போனேன். பங்களா முடக்குக்கு முன்னால் பிரேக் பிடிப்பேன், டக்கென்று இறங்குவேன், பூவேலி நீளத்துக்கு நடப்பேன், மதகில் ஏறுவேன். சந்தியில் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் சைக்கிளைச் சாத்திவிட்டு பஸ் ஏறுவேன். தலைமையாசிரியை என் பெயரை வெட்டவில்லை. கணக்கில் எனக்கு நல்ல மார்க் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு பாட்டுச் சொல்லித் தந்தார்கள், அதைப் பாடிக்கொண்டே மேட்டில் தள்ளிக்கொண்டு வருவேன்.

இந்த நேரத்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வெள்ளைக்காரத் துரை கப்பலேறினார். நம் நாட்டுக்காரர் ஒருவர் துரையாக வந்தார். லயத்தில் தேங்காய் உடைத்தார்கள். இனிமேல் எல்லாம் மாறும் என்றார்கள். நானும் அன்று சாயந்திரம் அப்பாவிடம் கேட்டேன்.

"இனிமே எறங்கத் தேவையில்லதானேப்பா?"

"இப்பத்தான் புள்ள கவனமா எறங்கணும்" என்றார்.

அதில் மட்டும் அவர் சொன்னது சரியாகப் போனது. பழைய துரை பாதி நாள் எங்களைப் பார்க்கவே மாட்டார். அவருக்கு நாங்கள் ரோட்டோரச் செடி. புதியவரோ இறங்குகிறோமா என்று நின்று பார்ப்பார். அவர் பார்க்காவிட்டாலும், வேலையை மேற்பார்க்கும் கணக்குப்பிள்ளை பார்ப்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்ற கதை. கணக்குப்பிள்ளை எங்கள் ஆள்தான், எங்கள் மாரியம்மன் கோவிலில்தான் திருநீறு பூசுவார். கேட்டில் காலையில் துரையிடம் அன்றைய வேலைக்கு ஓடர் வாங்க நிற்கும்போது யார் எங்கே இறங்கினார்கள் என்பதுதான் அவருக்கு முதல் வேலை.

அந்தக் காலை

அன்று பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை. முதல் பரீட்சையே கணக்கு. காலையில் தம்பிக்கு வயிற்றோட்டம், அம்மா தண்ணீர்ப் பீலிக்கும் லயத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். தண்ணி பிடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்ப நேரமாகிவிட்டது. பெரட்டு கலைந்து ஆட்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். கீழே எங்கோ பஸ் ஹாரன் கேட்டது. அது பஸ் ரோட்டின் மேல் வளைவில் அடிக்கும் ஹாரன். அதற்கும் சந்திக்கும் அதிக தூரம் இல்லை.

நல்ல பனி. பங்களா முடக்கு வருகிறது. கை தானாகப் பிரேக்குக்குப் போனது. இறங்கி, அந்தப் பூவேலி முழுக்க நடந்து, மறுபடி ஏறினால் பஸ் போய்விடும். பஸ் போனால் கணக்குப் பரீட்சை போய்விடும்.

கையை எடுத்துவிட்டேன்.

உட்கார்ந்துகொண்டே போனேன். அந்த வேலியை நான் எத்தனையோ நாள் நடந்து கடந்திருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு நடந்ததால் கானும் பாசியும்தான் தெரியும். அன்றுதான் வேலிக்கு மேலாகப் பார்த்தேன். உள்ளே புல்வெளி இருந்தது. புல்வெளியில் ஒரு வெள்ளை நாற்காலி, பனியில் நனைந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். இதற்கா இறங்கினோம் என்று தோன்றியது. சிரிப்புகூட வந்தது.

கேட்டிலிருந்து ஜீப் வெளியே வந்தது.

பிரேக்கை முழுக்கப் பிடித்தேன். அப்பாவின் பிரேக் நன்றாகவே பிடித்தது. பிடிக்காதது அந்தப் பட்டைதான். ஆணி பிய்ந்து, தகடு விரிந்து, சைக்கிள் பேனாக்கத்தி மடிவதுபோல நடுவில் மடிந்தது. நான் ஜீப்பின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தேன். இடது கை எனக்கு அடியில் இருந்தது. அது என்னுடைய கை மாதிரியே இல்லை.

இன்றைக்கும் சிலர் சொல்வார்கள், "நீ இறங்கியிருந்தால் விழுந்திருக்கமாட்டாய்" என்று. பார் இருந்திருந்தால் நான் விழுந்திருக்கமாட்டேன்.

விசாரணை

ஜீப் நின்றது. துரை உள்ளே இருந்தபடியே எட்டிப் பார்த்தார். கேட்டில் நின்ற கணக்குப்பிள்ளையிடம் தன் அரைகுறைத் தமிழில் கேட்டார்:

"இது ஓட்டி வந்ததா, தள்ளி வந்ததா?"

அடிபட்டதா என்று கேட்கவில்லை. நானும் என் மனதை எத்தனையோ முறை தோண்டிப் பார்த்துவிட்டேன், ஒருவேளை கேட்டு எனக்குத்தான் ஞாபகமில்லையோ என்று. கேட்கவில்லை.

"ஓட்டிக்கிட்டு வந்த மாதிரிதாங்க தெரிஞ்சிச்சு தொர. பனியா இருந்திச்சு" என்றார் கணக்குப்பிள்ளை.

ஸ்டோர் பக்கத்தில்தான். யாரோ கூப்பிட்டு அப்பா ஓடிவந்தார். கையெல்லாம் எண்ணெய். வரும்போதே தலைத்துண்டை அவிழ்த்துவிட்டார். என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். அவர் முகம் ஒரு கணம் என்னவோ ஆனது, அதை நான் பார்த்தேன். பிறகு அவர் என் பக்கம் வரவில்லை. ஜீப்பின் பக்கம் போனார்.

"எறங்கிருச்சுங்க தொர" என்றார். "எம் மக எறங்கித் தள்ளிக்கிட்டுத்தாங்க வந்துச்சு. அப்புறந்தாங்க வழுக்கி வுழுந்துச்சு. நான் ஸ்டோர் வாசல்லேருந்து பாத்தேங்க."

அந்தப் பனியில் ஸ்டோர் வாசலிலிருந்து அவருடைய கால்கூட அவருக்குத் தெரிந்திருக்காது.

அப்பா என்னிடம் திரும்பினார்.

"சொல்லு புள்ள, தொரைகிட்ட சொல்லு. எறங்குனதானே?"

நான் கிடந்த இடத்திலிருந்து அப்பாவின் பாதம்தான் தெரிந்தது. பெருவிரல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. பெரட்டில் பெயர் கூப்பிடாத காலைகள் எல்லாம் அந்த விரலில் இருந்தன. எனக்கு என்ன வயது? கை வலி உயிர் போகிறது.

"எறங்குனேன்" என்றேன்.

"ம்" என்றார் துரை. "இனி இந்தச் சைக்கிள் தோட்டத்து ரோட்டுக்கு வரக் கூடாது."

"ஆமாங்க தொர" என்றார் அப்பா.

ஜீப் கிளம்பியது. அது பதுளைக்குத்தான் போனது. பதுளையில்தான் பெரியாஸ்பத்திரியும் இருந்தது. பின்சீட்டு காலியாகவே போனது. என்னைக் கொழுந்துச் சாக்கில் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்துக்காரரிடம் போனார்கள். அவர் இரண்டு மரச் சிலாகை வைத்துக் கட்டிவிட்டார்.

கை வளைந்தே கூடியது. சந்திக்கு நடந்து போய்ப் பார்த்தேன். பஸ் தவறிக்கொண்டே இருந்தது. தலைமையாசிரியை சொன்னதைச் செய்தார், பெயரை வெட்டினார். கூடை கட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். கொழுந்து பறிப்பதற்குக் கை கொஞ்சம் வளைந்திருந்தால் பரவாயில்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்களும் உண்டு. பல வருஷம் கழித்து, அந்தக் கையால் கொழுந்து பறிக்க முடியாமல் போனபோது, பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை கொடுத்தார்கள். குழந்தைகள் தூங்கும் நேரத்தில் கிடைத்த பழைய பேப்பரையெல்லாம் படித்தேன். இந்த எழுத்து அங்கே வந்ததுதான்.

அப்பாவின் எஞ்சின் அறை வேலை போகவில்லை. மறுநாள் பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மடிந்த சைக்கிளை மரக்கறிப் பாத்திக்குக் கேட்டாகக் கட்டிவைத்தார். ஆடு அதற்கு அடியில் நுழைந்து போய்க் கீரையை மேயும். பார் இருந்த இடம்தான் வாசல்.

மெதுவா பேசு

சைக்கிளை வெட்டியதைக்கூட விடுங்கள். அதற்குப் பிறகு அப்பா செய்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. அந்தக் கதையை அவர் பெருமையாகச் சொல்லத் தொடங்கினார். லயத்துக்கு யார் வந்தாலும் சொல்வார். கலியாண வீட்டில் சொல்வார், எழவு வீட்டில் சொல்வார். "எம் மகளுக்குக் கை ஒடிஞ்ச அன்னைக்கிக்கூட எறங்கிட்டுத்தான் வுழுந்தா. அப்பிடி வளத்திருக்கேன்." கேட்பவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பேன். சொல்லிச் சொல்லி, ஸ்டோர் வாசலில் நின்று பார்த்ததாகவே அவர் நம்பிவிட்டார்.

அப்பா கடைசியாகப் படுக்கையில் கிடந்தது எண்பதுகளின் நடுவில். அந்தத் துரை மாற்றலாகிப் போய், அவருக்குப் பிறகு வந்தவரும் போயிருந்தார். கணக்குப்பிள்ளை இந்தியாவுக்குப் போய்விட்டார். ஒருநாள் காலையில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த காம்பராப் பெண் எட்டிப் பார்த்து நலம் விசாரித்தாள். அப்பா அவளிடமும் அதே கதையை எடுத்தார். மூச்சு இழுக்க இழுக்கச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனாள்.

நான் கரண்டியைக் கோப்பையில் வைத்தேன்.

"அப்பா, நான் அன்னைக்கி எறங்கல."

கண்ணை மூடியிருந்தவர் திறந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அழுவார் என்றுகூட நினைத்தேன். ஒரு வார்த்தை, எனக்கென்று ஒரே ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று இருந்தது. அவர் என் வளைந்த கையைப் பிடித்தார். வாசல் பக்கம் பார்த்தார்.

"மெதுவா பேசு புள்ள" என்றார். "யாருக்காவது கேட்டுறப் போவுது."

அப்போது லயத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. எல்லாரும் மலைக்குப் போயிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் அவரும் போய்விட்டார்.

அவர் இருக்கும்வரை மெதுவாகத்தான் பேசினேன். இந்தப் பத்திரிகை பதுளைக்கு வருகிறது, தெமோதரைக்கு வருகிறது, கொழும்புக்கும் போகிறது என்று ஆசிரியர் சொன்னார். அதனால் இங்கே எழுதுகிறேன். அன்று காலை பங்களா முடக்கில் நான் இறங்கவில்லை. உட்கார்ந்துகொண்டுதான் போனேன்.